நிபா: அச்சத்துக்கு முன்பே வேண்டிய ஆயத்தம்

2018 மே 20. கோழிக்கோடு மாவட்டத்தில் அடுத்தடுத்து நேர்ந்த சாவுகளுக்கு நிபா வைரஸே காரணம் என்று புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் உறுதி செய்தது. அடுத்த சில நாட்களில் கேரளம் முழுவதையும் அச்சம் பற்றிக்கொண்டது. பழக்கடைகளில் விற்பனை படுத்தது. நோய் தொடங்கிய பேராம்பிராவைச் சுற்றிய தெருக்களில் ஆள் நடமாட்டம் குறைந்தது. கேரளப் பழங்களும் காய்கறிகளும் வேண்டாம் என்று வளைகுடா நாடுகள் தடை விதித்தன. ஆனால் அந்த முறை நோய்க்கு ஆளான 23 பேரில் பெரும்பாலோரின் உடலுக்குள் வைரஸ் புகுந்தது அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு, மே மாதத்தின் முதல் சில நாட்களில். அது நடந்த இடம் மருத்துவமனை. அப்போது அந்த நோயின் பெயர் யாருக்கும் தெரியாது. யாரும் அஞ்சவும் இல்லை.

நிபாவின் இருபத்தைந்து ஆண்டு வரலாற்றில் இந்த இடைவெளி திரும்பத் திரும்ப வருகிறது. முதல் நோயாளி மருத்துவமனைப் படியேறும் நாளுக்கும் நோயின் பெயர் தெரியவரும் நாளுக்கும் நடுவில்தான் உயிர்கள் பறிபோகின்றன. மக்களின் அச்சம், அரசின் நிதி, அமைச்சர்களின் ஆய்வுக்கூட்டம், எல்லையில் காய்ச்சல் பரிசோதனை எல்லாம் பெயர் தெரிந்த பிறகே வந்து சேர்கின்றன. ஆகவே ஒரு மாநிலத்தின் மருத்துவத் துறை ஆயத்தமாக இருக்கிறதா என்பதை அறிய, தனிமை வார்டுகளை எண்ணினால் போதாது. பெயர் தெரியாத காய்ச்சலோடு வரும் ஒருவரைச் சாதாரணமான ஒரு நாளில் அது எப்படி எதிர்கொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

நோயும் அதன் வழியும்

நிபா வைரஸின் இயற்கையான இருப்பிடம் பழந்தின்னி வௌவால். அதற்கு இந்த வைரஸால் பெரிய தொல்லை இல்லை. அதன் எச்சில், சிறுநீர் வழியே வைரஸ் வெளியேறி, சில வேளைகளில் விலங்குகளுக்கோ நேரடியாக மனிதருக்கோ தொற்றுகிறது. தொற்றிய பின் பெரும்பாலும் 4 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, வாந்தி தொடங்கும். பிறகு குழப்பம், மயக்கம், வலிப்பு என மூளைக்காய்ச்சலாக முற்றும். சிலருக்கு நுரையீரலும் பாதிக்கப்பட்டு மூச்சுத்திணறல் வரும். நோய்க்கு ஆளானவர்களில் 40 முதல் 75 விழுக்காடு வரை இறக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இவ்வளவு கொடிய நோய் என்றாலும் இது காட்டுத்தீயாகப் பரவுவதில்லை. வங்கதேசத்தில் 2001 முதல் 2014 வரை கண்டறியப்பட்ட 248 நோயாளிகளை ஆராய்ந்ததில், ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக 0.33 பேருக்கே தொற்று பரவியது தெரிந்தது. அதாவது, மூன்று நோயாளிகளுக்கு ஒருவர். மூச்சுத்திணறலோடு இருக்கும் வயது வந்த நோயாளிகளே பெரும்பாலும் பிறருக்குத் தொற்றைக் கொடுத்தார்கள். தொற்றுக்கு ஆளானவர்கள் யார்? பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தவர்கள், வாந்தியைத் துடைத்தவர்கள், மடியில் தலையைத் தாங்கிக்கொண்டவர்கள். சந்தையில் எதிரே வருபவரிடமிருந்து தொற்றும் நோய் அன்று இது. நோய் முற்றிய நிலையில் நோயாளி இருக்கும் இடம் மருத்துவமனை என்பதால், இதன் முதன்மையான களமும் மருத்துவமனையே.

மலேசியா: கொசுவைத் துரத்திய மாதங்கள்

நிபா முதன்முதலில் மனிதருக்குத் தெரியவந்தது மலேசியாவில். 1998 செப்டம்பரில் பேராக் மாநிலத்தில் ஈப்போவை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலால் விழத் தொடங்கினார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிகளோடு நெருங்கிப் புழங்கிய வயது வந்த ஆண்கள். கொசுவுக்கு மதம் தெரியாது. ஆனால் அதே வட்டாரத்தில் பன்றிப் பண்ணையோடு தொடர்பில்லாத முஸ்லிம் குடும்பங்களில் நோய் இல்லை. இத்தனை தடயங்கள் கண்முன் கிடந்தும் முதலில் எடுத்த முடிவை மாற்ற மாதங்கள் பிடித்தன. அதற்குள் நோயுற்ற பன்றிகள் தெற்கே விற்கப்பட்டு, நெகிரி செம்பிலான் மாநிலத்தின் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் நோய் வெடித்தது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இளம் வைரஸ் ஆய்வாளர் சுவா கா பிங், இறந்துபோன ஒரு நோயாளியின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து அதுவரை அறியாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளியின் ஊரான சுங்கை நிபாவின் பெயரே வைரஸுக்கு வைக்கப்பட்டது. கொசு ஒழிப்பு நின்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன; நோயும் நின்றது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்று, ஒருவர் இறந்தார்.

மலேசியாவில் மருத்துவமனைகள் இருந்தன, மருந்துகள் இருந்தன, நல்ல மருத்துவர்களும் இருந்தார்கள். தெரிந்த நோயின் பெயருக்குள் தெரியாத நோயை அடைத்து வைத்ததே அங்கே நேர்ந்த பிழை.

சிலிகுரி: பாடம் வந்துசேர ஐந்து ஆண்டுகள்

2001 சனவரி, பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் சிலிகுரி நகரில் 66 பேர் மர்மக் காய்ச்சலுக்கு ஆளாகி, 45 பேர் இறந்தார்கள். நோயாளிகளில் நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனைகளில் தொற்றுக்கு ஆளானவர்கள்: ஊழியர்கள், வேறு நோய்க்காகப் படுத்திருந்தவர்கள், பார்க்க வந்தவர்கள். அது நிபா என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. சேமித்து வைத்திருந்த மாதிரிகளைச் சோதித்து, அது நிபாதான் என்று ஆய்விதழில் வெளியானது 2006இல்தான்.

உயிரோடு இருந்த ஒரு நோயாளிக்கும் அந்த முடிவு பயன்படவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துத் தெரிந்ததும் நாட்டின் மருத்துவமனைகள் எல்லாம் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மருத்துவமனைக்குள் நுழைந்த வைரஸ் அங்கிருந்த ஊழியர்களையே கொன்றது என்பது சிறு செய்தி அன்று. ஆனாலும் அதன் எதிரொலி மற்ற மாநிலங்களின் தாலுகா மருத்துவமனைகள் வரை போகவில்லை. 2007இல் அதே மாநிலத்தின் நாடியா மாவட்டத்தில் நிபா மறுபடி வந்தது. நோயுற்ற ஐவரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் இந்தியாவில் நிபா பற்றிய பேச்சு அடங்கிக் கிடந்தது.

வங்கதேசம்: தேடக் கற்றுக்கொண்ட நாடு

எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தில் 2001 முதல் ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலத்திலும் நிபா வருகிறது. செல்வம் குறைந்த அந்த நாடுதான் இந்த நோயைப் பற்றி உலகுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அங்கே குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவி, இரவெல்லாம் பானையில் வடியும் சாற்றை விடியற்காலையில் பச்சையாகக் குடிப்பது வழக்கம். அகச்சிவப்புக் கேமராவை மரத்தில் பொருத்திப் பார்த்தபோது, இரவில் வௌவால்கள் வந்து சீவிய இடத்தை நக்குவது தெரிந்தது. மூங்கில் சிம்புகளால் பின்னிய தட்டியைப் பானைக்கு மேலே கட்டினால் வௌவால் அணுக முடியாது என்பதையும் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எளிய, ஊர்க்காரர்களே செய்துகொள்ளக்கூடிய தீர்வு அது.

குறிப்பிட்ட மருத்துவமனைகளில் மூளைக்காய்ச்சல் நோயாளிகளைத் தொடர்ந்து நிபாவுக்காகச் சோதிக்கும் கண்காணிப்பையும் அந்த நாடு 2006 முதல் நடத்திவருகிறது. நோய் வெடித்த பிறகு ஓடிப்போய்ப் பார்ப்பதை விட்டு, வருமுன் தேடும் முறை இது. 2004இல் பரீத்பூரில் ஒருவரிடமிருந்து ஒருவராகப் பரவி 36 பேர் நோயுற்று, 27 பேர் இறந்த துயரத்திலிருந்து அந்த நாடு கற்றுக்கொண்டது.

கோழிக்கோடு: விழித்திருந்த ஒரு மருத்துவர்

கோழிக்கோட்டில் முதல் நோயாளி பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பிறகு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 2018 மே 5இல் இறந்தார். மூளைக்காய்ச்சல் என்ற அளவில் அந்த மரணம் பதிவாகி முடிந்தது. அந்த ஓரிரு நாட்களில் அவரைச் சுற்றி இருந்தவர்கள், மருத்துவக் கல்லூரியின் சி.டி. ஸ்கேன் அறைக்கு வெளியே வேறு காரணங்களுக்காகக் காத்திருந்தவர்கள், அவரைப் பராமரித்த செவிலியர் எனப் பலருக்குத் தொற்றிவிட்டது. பின்னர் நடந்த ஆய்வின்படி, முதல் நோயாளியைத் தவிர மற்ற 22 பேரும் மனிதரிடமிருந்தே தொற்று பெற்றார்கள். 23 பேரில் 21 பேர் இறந்தார்கள். ஆய்வகத்தில் உறுதியானவை மட்டும் 18; பிழைத்தவர்கள் இருவர்.

பேராம்பிராவில் முதல் நோயாளியைப் பராமரித்த செவிலியர் லினி புதுசேரி மே 21 அன்று இறந்தார். இரண்டு சிறு குழந்தைகளின் தாய். நிரந்தர வேலை இல்லாத தற்காலிகப் பணியாளர். அவரை நாடு கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் புகழ்மொழியோடு தீராது. மூச்சுத்திணறலோடு வரும் எந்த நோயாளியையும் தகுந்த முகக்கவசமும் கையுறையும் அணிந்தே அணுகும் வசதியும் பயிற்சியும் எல்லாச் செவிலியருக்கும் கிடைக்கும் நாளில்தான் அது தீரும்.

முதல் நோயாளியின் குடும்பத்தில் இரண்டாமவர் நோயுற்று ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தபோது கதை மாறியது. மருத்துவர் அனூப்குமாரும் அவரது குழுவினரும் இரண்டு தகவல்களைச் சேர்த்துப் பார்த்தார்கள்: ஒரே வீட்டில் இரண்டாவது மூளைக்காய்ச்சல், வழக்கமான மூளைக்காய்ச்சலுக்குப் பொருந்தாத அறிகுறிகள். மாதிரிகள் உடனே மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்துக்குப் போயின. காரணம் தெரியாத காய்ச்சல்களைப் பல ஆண்டுகளாகச் சோதித்துவந்த மையம் அது. முனைவர் ஜி.அருண்குமார் தலைமையில் அங்கே நிபாவுக்கான சோதனை செய்யும் திறன் முன்பே இருந்தது. சந்தேகப்படத் தெரிந்த ஒரு மருத்துவரும், சோதித்துச் சொல்லக்கூடிய ஓர் ஆய்வகமும், இரண்டுக்கும் நடுவில் தடையற்ற பாதையும் இருந்ததால் இரண்டாவது நோயாளியிடமே நிபா பிடிபட்டது. சிலிகுரியில் ஐந்து ஆண்டுகள் எடுத்த வேலை இங்கே ஓரிரு நாட்களில் முடிந்தது.

அதன் பிறகு கேரள அரசு இயங்கிய விதம் பாராட்டத்தக்கது. சுகாதார அமைச்சர் கே.கே.சைலஜா கோழிக்கோட்டிலேயே முகாமிட்டார். நோயாளிகளோடு தொடர்பில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலிடப்பட்டு நாள்தோறும் கண்காணிக்கப்பட்டார்கள். சுடுகாட்டு ஊழியர்கள் உடல்களைத் தொட அஞ்சியபோது, மாநகராட்சிச் சுகாதார அலுவலர் ஆர்.எஸ்.கோபகுமார் முன்னின்று இறுதிச் சடங்குகளை நடத்தினார்.

அடுத்தடுத்த வருகைகள்

2019இல் எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரி மாணவருக்கு நிபா வந்தது, உடனே கண்டறியப்பட்டது, அவர் பிழைத்தார், வேறு யாருக்கும் பரவவில்லை. 2021இல் கோழிக்கோட்டில் 12 வயதுச் சிறுவன் இறந்தான், பரவல் இல்லை. 2024இல் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு சிறுவனும் ஓர் இளைஞரும் தனித்தனியே இறந்தார்கள். அப்போதும் பரவல் இல்லை. ஒருமுறை அடிபட்ட மாநிலம் சந்தேகப்படக் கற்றுக்கொண்டது என்பதற்கு இவை சான்று.

ஆனால் 2023ஐ மறந்துவிடக் கூடாது. ஆகஸ்ட் 30 அன்று கோழிக்கோட்டின் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒருவர் இறந்தார். நிபா என்ற சந்தேகம் எழவில்லை. அவரது குழந்தையும் உறவினரும் நோயுற்ற பிறகுதான் சந்தேகம் வந்தது; செப்டம்பர் 12இல் உறுதியானது. அதற்குள் அதே மருத்துவமனையில் இருந்த வேறு இருவருக்கும், ஒரு மருத்துவமனை ஊழியருக்கும் தொற்றியிருந்தது. மொத்தம் ஆறு பேர், இரண்டு சாவு. நிபாவை ஏற்கெனவே இரண்டு முறை கண்ட மாவட்டத்திலேயே முதல் நோயாளி கைநழுவிப் போனார் என்றால், ஒருமுறையும் காணாத மாவட்டத்தில் என்ன நேரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அச்சத்தின் நியாயமும் அநியாயமும்

மக்கள் அஞ்சுவதைக் குறை சொல்ல முடியாது. மருந்து இல்லாத, பாதிப்பேருக்கு மேல் சாகக்கூடிய ஒரு நோயைக் கண்டு அஞ்சாதிருப்பது அறிவும் அன்று. அந்த அச்சம் யார்மேல் பாய்கிறது என்பதுதான் கவலை. 2018இல் பேராம்பிரா மருத்துவமனைச் செவிலியர்களைப் பேருந்திலும் ஆட்டோவிலும் ஏற்ற மறுத்தார்கள். உயிரைப் பணயம் வைத்துப் பணி செய்தவர்கள் ஊராரால் ஒதுக்கப்பட்டார்கள். வாட்ஸ்அப்பில் பொய்ச் செய்திகள் பறந்தன. நிபா என்பதே புரளி என்று சொல்லி, வௌவால் கடித்தவை என்று காட்டி ஒருவர் பழங்களைத் தின்ற காணொளியும் பரவியது. மறுப்பும் பீதியும் ஒரே வெற்றிடத்தில் முளைத்தவை: நம்பத்தகுந்த செய்தி வந்துசேராத இடத்தில்.

வௌவால்மேல் பாயும் கோபமும் அப்படியே. மரங்களை வெட்டி வௌவால்களை விரட்டினால் நோய் போய்விடும் என்று எண்ணுவது ஆபத்தானது. நிபாவின் உறவான ஹெண்ட்ரா வைரஸை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தவர்கள், காடு அழிந்து உணவு குறையும் காலத்தில்தான் வௌவால்கள் மனிதர் வாழும் இடங்களை நாடி வந்து வைரஸை அதிகம் கொட்டுகின்றன என்று காட்டியிருக்கிறார்கள். பழந்தின்னி வௌவால் விதை பரப்பும் உயிர். இலுப்பை போன்ற மரங்கள் பரவ உதவுவது. அதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன. அந்த மரியாதை தொடரட்டும். வௌவாலைக் கையால் தொடாதிருப்பதும், கடிபட்ட பழத்தை உண்ணாதிருப்பதும், பழங்களைக் கழுவித் தோலுரித்து உண்பதும் போதுமான எச்சரிக்கை.

மருந்தும் தடுப்பூசியும்

நிபாவுக்கு ஒப்புதல் பெற்ற தடுப்பூசியோ மருந்தோ இன்றுவரை இல்லை. எம்.102.4 என்ற எதிர்ப்பொருள் மருந்து 2018இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தருவிக்கப்பட்டது. அவசரப் பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதி உண்டு. நோய் முற்றுவதற்கு முன் கொடுத்தால்தான் பயன் கிடைக்கக்கூடும் என்பதால், அதுவும் சீக்கிரம் கண்டறிவதையே நம்பி நிற்கிறது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசியின் மனிதச் சோதனை 2024 சனவரியில்தான் தொடங்கியது. ஏழை நாடுகளில் ஆண்டுக்குச் சிலரைத் தாக்கும் நோய்க்கு மருந்து செய்வதில் நிறுவனங்களுக்கு இலாபம் இல்லை. அரசுகளும் பொதுநிதியமும் முன்வராமல் இந்த வேலை நகராது.

தமிழ்நாடு எங்கே நிற்கிறது?

கேரளத்தில் நிபா என்றதும் வாளையாறு, நாடுகாணி, புளியரை போன்ற சோதனைச்சாவடிகளில் நம் சுகாதாரப் பணியாளர்கள் வாகனங்களை நிறுத்தி வெப்பநிலை பார்க்கிறார்கள். அது மக்களுக்கு ஓர் ஆறுதல். ஆனால் தொற்று ஏற்பட்டும் இன்னும் காய்ச்சல் வராத ஒருவரை அந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. மேலும், நோய் எல்லை தாண்டித்தான் வர வேண்டும் என்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய வைராலஜி நிறுவனமும் நடத்திய கள ஆய்வில், தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களிலும் புதுச்சேரியிலும் வௌவால்களிடம் நிபா தொற்றின் தடயம் கிடைத்திருக்கிறது. சாலையில் நாம் நிறுத்திப் பார்க்கும் ஆபத்து, தோப்பிலும் ஏற்கெனவே இருக்கிறது.

நம்மிடம் வலிமைகள் உண்டு. 1939இலேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. பொதுச் சுகாதாரத்துக்கென்றே தனி இயக்ககமும் அலுவலர் அணியும் கொண்ட மாநிலம் இது. கிண்டியில் 1899 முதல் கிங் நிலையம் இருக்கிறது. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நிர்மலா என்ற ஆய்வு மாணவி சென்னையில் சேகரித்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் கண்டறியப்பட்டது. அந்த நோய் இங்கே இல்லை என்று பலரும் நம்பிய காலத்தில் தேடியதால் கிடைத்த வெற்றி அது.

அந்தத் தேடும் பழக்கம் நம் அன்றாட மருத்துவத்தில் எவ்வளவு இருக்கிறது? மூளைக்காய்ச்சலால் சாகும் பலரின் நோய்க்குக் காரணம் கண்டறியப்படாமலே கோப்பு மூடப்படுகிறது. ஒரு படுக்கைக்கு இரண்டு மூன்று உறவினர் சூழ்ந்திருக்கும் வார்டு, இருமுபவரும் கைக்குழந்தையும் ஒரே வரிசையில் நிற்கும் புறநோயாளிகள் பிரிவு, அவசர சிகிச்சைப் பிரிவில் வேலைநேரத்துக்கு ஒன்றாகக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் முகக்கவசம் என்பவை நாம் அறியாதவை அல்ல. பேராம்பிராவிலும் சிலிகுரியிலும் வைரஸ் பயன்படுத்திக்கொண்ட வாசல்கள் இவையே.

செய்ய வேண்டியவை

முதலாவது, எல்லா மருத்துவமனைகளிலும் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறலோடு வருபவர்களை வாசலிலேயே பிரித்து, முகக்கவசம் கொடுத்து, தனி இடத்தில் உட்காரவைக்க வேண்டும். இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். ஒரு மேசையும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் போதும். இரண்டாவது, காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல் ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது மாவட்ட அளவில் வழக்கமாக வேண்டும். முடிவு அந்த மருத்துவருக்குத் திரும்பி வரவும் வேண்டும். மூன்றாவது, ஒரே குடும்பத்திலோ ஒரே வார்டிலோ இரண்டு மூளைக்காய்ச்சல் என்றால் உடனே அறிவிக்கும் கடமை தனியார் மருத்துவமனைகளுக்கும் உறுதியாக இருக்க வேண்டும். 2018இல் நிபா பிடிபட்டதும் 2023இல் நழுவியதும் தனியார் மருத்துவமனைகளில்தான். நான்காவது, ஒப்பந்தச் செவிலியர், துப்புரவுப் பணியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பிணவறை ஊழியர் ஆகிய அனைவருக்கும் நிரந்தர ஊழியருக்கு இணையான பாதுகாப்புக் கருவியும் காப்பீடும் வேண்டும். வைரஸ் பணி ஆணையைப் பார்ப்பதில்லை.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை அரசுகள் மருத்துவத்துக்குச் செலவிடும் என்றது 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை. அந்த இலக்கு எட்டப்படவில்லை. அரிதாக வரும் ஒரு நோய்க்காக இவ்வளவு செலவா என்று கேட்பவர்களுக்குப் பதில் உண்டு. இந்தியாவில் காசநோயால் ஆண்டுதோறும் மூன்று லட்சத்தை ஒட்டி மக்கள் இறக்கிறார்கள். அதுவும் அதே புறநோயாளிகள் வரிசையில்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுகிறது. தட்டம்மையும் இன்ஃப்ளூயன்சாவும் கொரோனாவும் அப்படியே. நிபாவைத் தடுக்கும் மேசையும் முகக்கவசமும் காற்றோட்டமும் இவை அனைத்தையும் நாள்தோறும் தடுக்கும். நிபா வராமலே போனாலும் செலவிட்ட ஒரு ரூபாயும் வீணாகாது.

மக்களாகிய நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. அடுத்த முறை நிபா என்ற செய்தி வரும்போது எந்தப் பழம் வாங்கலாம் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. நம் ஊர் மருத்துவமனையில் காய்ச்சல் நோயாளிகளுக்குத் தனி இடம் இருக்கிறதா, அங்குள்ள செவிலியருக்குப் போதிய முகக்கவசம் இருக்கிறதா, சென்ற ஆண்டு மூளைக்காய்ச்சலால் இறந்தவர்களின் மாதிரிகள் சோதிக்கப்பட்டனவா என்று கேட்க வேண்டும். கிராம சபையிலும், சட்டமன்ற உறுப்பினரிடமும், மாவட்ட நிர்வாகத்திடமும் கேட்கலாம். நோய் இல்லாத மாதங்களில் இந்தக் கேள்விகளை எழுப்பும் சமூகம்தான் நோய் வரும் மாதத்தில் தன் செவிலியர்களையும் நோயாளிகளையும் காப்பாற்றிக்கொள்ளும்.